ரீசேர்ட் துணியில் நேர்கோடு: ஓட்டையும் இல்லை, நூலும் அறவில்லை. ஊசிக்கு என்ன நடந்தது?

நூல்முனை (கிளிநொச்சி)
அனைவருக்கும் வணக்கம். இங்கே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் துணி பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். நாங்கள் வெட்டித் தைப்பவர்கள் மட்டுமே. துணி பின்னும் ஆலை தெற்கில் இருக்கிறது. அதன் பெயர் இங்கே தேவையில்லை.

கொலர் வைத்த ரீசேர்ட்டுக்காகப் பிக்கே துணி வந்தது, தேன்கூடு போலக் குழி குழியாக இருக்குமே, அது. 15 ரோல்கள். விளக்குப் பலகையில் விரித்தால் ஓரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி மேலிருந்து கீழ்வரை மெல்லிய நேர்கோடு ஓடுகிறது. ஓட்டை கிடையாது, நூல் அறுந்திருக்கவும் இல்லை. கையால் தடவினால் தெரியாது, கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. மேற்பார்வையாளர் "ஊசிக்கோடு" என்று எழுதிவிட்டார். ஊசிக்கோடு என்றால் தையல் அறுந்து ஏணி மாதிரி நிற்கும் என்றுதான் எனக்குச் சொல்லித்தந்தார்கள். இது அப்படி இல்லையே?

கூடவே ஒரு கேள்வி. எந்த ஊசி எப்போது குழி போட வேண்டும் என்று அந்த வட்ட மெசினுக்கு எப்படித் தெரிகிறது?

மாங்குளம்சந்தி
இதில் என்ன இருக்கிறது? இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். படத்தைக் கொடுத்தால் மெசின் நெய்து தள்ளிவிடும். புரோகிராமில் ஓர் இடம் பிழைத்திருக்கும், அதுதான் கோடு.

ஓமந்தைத் தையல்
முதலில் "நெய்து" என்பதை எடுங்கள் தம்பி. தையல் வகுப்பில் முதல் நாளே நான் பிள்ளைகளுடன் சண்டை பிடிக்கிற விடயம் இது. பாவும் ஊடையும் குறுக்கு மறுக்காகப் போனால் நெய்தல். சேலையும் சாரமும் அந்த இனம். பெனியன், ரீசேர்ட், மேசு எல்லாம் வளையத்துக்குள் வளையம் இழுத்துப் பின்னியவை. கொக்கி ஊசியால் மேசைவிரிப்புப் பின்னுகிற அம்மாவைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒற்றைக் கொக்கியை இரண்டாயிரமாகப் பெருக்கி ஓர் உருளையைச் சுற்றி நிற்க வையுங்கள். வட்டப் பின்னல் மெசின் அதுதான்.

வீட்டிலேயே பார்க்கலாம். பழைய பெனியனில் சதுரமாக ஒரு துண்டு வெட்டுங்கள். மேல் கீழ் விளிம்புகள் துணியின் முகப்பக்கம் சுருளும், இடம் வலம் விளிம்புகள் முதுகுப்பக்கம் சுருளும். நெய்த துணி அப்படிச் சுருளாது.

வலைக்காரன் (முல்லைத்தீவு)
டீச்சர், எங்கள் வீட்டில் ஐயா வலை பொத்தும்போது பக்கத்தில் இருந்து பழகியவன் நான். வலையும் ஊசியால்தான் போடுகிறோம். ஆனால் ஒரு கண் அறுந்தால் வலை அதோடு நிற்கும். பெனியனில் ஒரு கண் போனால் ஏன் ஏணி மாதிரி ஓடுகிறது?

ஓமந்தைத் தையல்
வலையில் ஒவ்வொரு கண்ணுக்கும் முடிச்சு உண்டு. பெனியனில் முடிச்சே கிடையாது. மேல் வளையம் கீழ் வளையத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. ஒன்று கைவிட்டால் அதை நம்பியிருந்தது விழும், பிறகு அதன் கீழ் இருப்பது.

பொருளாதாரத் தடைக்காலத்தில் எங்கள் அம்மா பழைய கம்பளிச் சட்டை ஒன்றைப் பிரித்து, ஒரே நூலாக உருண்டை சுற்றித் தங்கைக்குத் தொப்பி பின்னினார். முடிச்சு இருந்திருந்தால் அது நடந்திராது.

குளக்கட்டு (அறிவியல் நகர்)
பொறியியல் படிக்கிறேன், துணித்துறை இல்லை. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன், பிழை என்றால் திருத்துங்கள்.

ஊசியின் தலையில் கொக்கி. கொக்கிக்குக் கீழே நாக்குப் போல ஆடுகிற சின்னத் தாழ். ஊசி மேலே எழும்பும்போது கொக்கிக்குள் இருந்த பழைய வளையம் தாழைத் திறந்துகொண்டு கீழே இறங்குகிறது. புதிய நூல் கொக்கியில் விழுகிறது. ஊசி கீழே வரும்போது அதே பழைய வளையம் தாழை மூடிவிட்டு, தலைக்கு மேலால் கழன்று போகிறது. புதிய வளையம் பழையதற்குள்ளால் வந்துவிட்டது. கதவைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் தனியாக ஒரு பொறி கிடையாது. துணியே திறந்து துணியே மூடுகிறது. இந்த ஊசிக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் காப்புரிமை பெற்றவர் இங்கிலாந்தின் லெஸ்டரைச் சேர்ந்த மத்தியூ டவுன்செண்ட்.

கோலம் எப்படி என்றால் எங்கள் குளத்தில் தண்ணீர் திறந்துவிடுகிற துருசு மாதிரி. முழுதாகத் திறந்தால் ஒன்று, பாதி திறந்தால் ஒன்று, மூடினால் ஒன்று. ஊசி முழு உயரம் போனால் சாதாரணத் தையல். பாதி உயரம் போனால் பழைய வளையம் தாழைத் தாண்டாது. கொக்கியில் பழையதும் புதியதும் சேர்ந்து நிற்கும். எழும்பாமலே விட்டால் நூல் அந்த ஊசியைத் தொடாமல் பின்பக்கத்தால் போய்விடும்.

நெடுங்கேணி மெக்கானிக்
இந்த இழையை இன்றுதான் பார்த்தேன். தெற்கில் ஒரு பின்னல் ஆலையில் 11 வருடம் மெசின் பார்த்துவிட்டு, இப்போது கமம் செய்கிறேன். இரவு நேர வேலைக்கு ஆள் கூப்பிடாத இடம் என்பதால் ஊருக்கு வந்தேன். பன்றிக் காவலுக்கு இரவில்தான் போக வேண்டும் என்பது வந்த பிறகே தெரிந்தது.

தம்பி குளக்கட்டு சொன்ன மூன்று நிலையும் சரி. நாங்கள் அவற்றை நிட், டக், மிஸ் என்போம். ஆனால் துருசு உவமை பாதிதான் பொருந்தும். துருசை யாரோ திருக வேண்டும். இங்கே ஒருவரும் எதையும் திருகுவதில்லை.

உருளையின் வெளிச்சுவரில் நெட்டுக்குத்தாகக் காடிகள் வெட்டியிருக்கும். ஒரு காடிக்கு ஓர் ஊசி. ஊசியின் உடம்பில் ஓர் இடத்தில் பல் போல ஒரு மேடு துருத்தி நிற்கும், பட் என்போம். உருளையைச் சுற்றி அசையாத பெட்டி, அதன் உட்புறம் மேடு பள்ளமாகப் பாதை. அந்தப் பாதையை உண்டாக்கும் இரும்புத் துண்டுக்குக் கேம் என்று பெயர். உருளை ஊசிகளைச் சுமந்துகொண்டு சுற்றுகிறது; பட் கேமின் மேட்டில் ஏறினால் ஊசி எழும்பும், சரிவில் இறங்கினால் விழும். கிரவல் ரோட்டில் மேடு எங்கே பள்ளம் எங்கே என்று சைக்கிள் யோசிப்பதில்லை அல்லவா? ரோட்டு அசையாது, சைக்கிள் எழும்பி விழும்.

அப்படியென்றால் எல்லா ஊசியும் ஒரே மாதிரித்தானே எழும்ப வேண்டும் என்று கேட்பீர்கள். வெற்றுப் பெனியன் துணிக்கு அது போதும். பிக்கேக்கு இரண்டு வகை ஊசி வேண்டும். ஒன்றில் பட் மேலே, மற்றதில் கீழே. உருளையில் மேல், கீழ், மேல், கீழ் என்று மாற்றி மாற்றி அடுக்குவோம். கேம் பெட்டியிலும் இரண்டு பாதை. ஒவ்வொரு நூல் கொடுக்கும் இடத்திலும், அதாவது ஒவ்வொரு ஃபீடரிலும், மேல் பாதைக்கு ஒரு கேம், கீழ்ப் பாதைக்கு ஒரு கேம். அதில் நிட் போடுவதா, டக் போடுவதா, மிஸ் போடுவதா என்பதுதான் டிசைன்.

சாதாரணப் பிக்கே நான்கு ஃபீடரில் முடிந்துவிடும். முதலாவதில் மேல் பட் ஊசிக்கு நிட், கீழ் பட் ஊசிக்கு டக். இரண்டாவதில் இரண்டுக்கும் நிட். மூன்றாவதில் மேலுக்கு டக், கீழுக்கு நிட். நான்காவதில் திரும்பவும் இரண்டுக்கும் நிட். ஐந்தாவது முதலாவதைப் போல. டக் விழுந்த இடத்தில் இரண்டு நூல் கூடி அக்கம்பக்கத்து வளையங்களைத் தள்ளுகிறது, துணி அகலமாகிக் குழி விழுகிறது. இதில் கம்ப்யூட்டர் எங்கே வந்தது, மாங்குளம் அண்ணை? மோட்டார் இருக்கிறது, நூல் அறுந்தால் நிற்பதற்கு ஒரு லைட் இருக்கிறது, சுற்று எண்ண ஒரு மீட்டர் இருக்கிறது. அவ்வளவுதான்.

தங்கை நூல்முனை, உங்கள் கோட்டைப் பற்றிச் சொல்ல முன் ஒன்று தெரிய வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து அந்தக் கோட்டின் மேல் நெடுவரிசைகளை, அதாவது ஓர் ஊசிக்கு ஒன்றாக மேலிருந்து கீழே ஓடும் வளைய வரிசைகளை, எண்ணுங்கள். குழிகள் மாறி மாறி வர வேண்டிய இடத்தில் எத்தனை நெடுவரிசை ஒரே மாதிரி நிற்கிறது? இரண்டா, மூன்றா?

மாங்குளம்சந்தி
அண்ணை, நான் ஒன்றும் கனவில் சொல்லவில்லை. பூப்போட்ட பெனியன் துணி, எழுத்து விழுந்த துணி எல்லாம் இரண்டு பாதைக் கேமில் வருமா?

நொய்யல்கரை (திருப்பூர்)
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இங்கே திருப்பூரில் எனக்கு இது அன்றாடப் பிழைப்பு. மாங்குளம் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. வராது.

கேம் பாதை அதிகம் போனால் நான்கு. எனவே நான்கு வகை ஊசிக்கு மேல் பிரித்துப் பேச முடியாது. அடுக்கும் வரிசையை மாற்றி விளையாடலாம், ஆனால் பூவோ எழுத்தோ வராது. அதற்கு ஒவ்வொரு ஊசியையும் தனித்தனியாகக் கூப்பிட வேண்டும். அது ஜக்கார்டு மெசின், அங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது. அதற்கு முன்பு பல் வைத்த சக்கரம், முள் குத்திய டிரம் என்று பல வழிகள் இருந்தன. 1804இல் பிரான்சில் ஜக்கார்டு செய்தது நெசவுத் தறிக்கு, துளை போட்ட அட்டை வைத்து. பெயர் மட்டும் பின்னலுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

இன்றைய எலக்ட்ரானிக் முறையில் ஒவ்வொரு ஊசிக்குக் கீழும் அதை மேலே தள்ளுகிற ஜாக் என்ற ஒரு தகடு, அதற்கும் பட் உண்டு. அந்த பட்டுகள் எட்டு உயரங்களில் படிக்கட்டு மாதிரி அடுக்கியிருக்கும். ஒவ்வொரு ஃபீடருக்கும் எட்டு விரல்கள் கொண்ட ஒரு கருவி. விரலுக்குப் பின்னால் மின்சாரம் கொடுத்தால் வளைகிற பீங்கான் தகடு. விரல் ஜாக்கின் பட்டைத் தட்டினால் ஜாக் காடிக்குள் அமுங்கி, மேட்டைத் தவறவிடும், ஊசி எழும்பாது. தட்டாமல் விட்டால் மேட்டில் ஏறும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 30 அங்குல உருளை, அங்குலத்துக்கு 24 ஊசி. பையால் (3.14) பெருக்கினால் ஏறத்தாழ 2260 ஊசிகள். நிமிடத்துக்கு 20 சுற்று ஓடினால் ஒரு ஃபீடரைக் கடப்பது நொடிக்கு 750 ஊசிக்கு மேல். எட்டு விரல்கள் பங்கிட்டால் ஒரு விரல் நொடிக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட முடிவுகள் எடுக்க வேண்டும். ஒரே விரலால் எல்லாவற்றையும் தட்ட முடியாது என்பதால்தான் எட்டாகப் பிரித்தார்கள்.

மாங்குளம்சந்தி
சரி. பிக்கேக்குக் கம்ப்யூட்டர் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பூவுக்கு உண்டு என்பதை நீங்களும் ஒப்புக்கொள்ளுங்கள்.

நெடுங்கேணி மெக்கானிக்
ஒப்புக்கொண்டாயிற்று. இரண்டு நிற ஜக்கார்டுத் துணியைக் கண்டால் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஒரே வரிசை ஊசியில் ஓடியது என்றால், முன்னால் தேவைப்படாத நிறம் பின்னால் நீட்டி நீட்டிக் கிடக்கும், குழந்தைகளின் விரல் மாட்டிக்கொள்ளும். உருளைக்கு மேல் டயல் என்ற தட்டில் இரண்டாவது ஊசி வரிசை உள்ள மெசினில் ஓடியிருந்தால், பின்பக்கம் அந்த நிறங்கள் புள்ளி புள்ளியாகப் பின்னப்பட்டிருக்கும். துணி தடிப்பாக இருக்கும், விலையும் கூட.

வலைக்காரன் (முல்லைத்தீவு)
என் மரமண்டைக்கு ஒரு சந்தேகம். டீச்சரின் அம்மா கம்பளியை ஒரே நூலாகப் பிரித்தார். நானும் இன்று பழைய பெனியன் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு சாண் நூல் வருகிறது, முடிகிறது. அடுத்தது வேறு நூல். மெசின் ஏமாற்றுகிறதா?

நெடுங்கேணி மெக்கானிக்
மெசின் அல்ல, கத்திரிக்கோல். நீங்கள் பிரித்தது வெட்டித் தைத்த துணி, குறுக்கே ஓடிய நூலெல்லாம் துண்டு துண்டாகப் போயிருக்கும். வெட்டாத குழாயாக எடுத்தாலும் ஒரே நூல் வராது. 30 அங்குல மெசினில் 90 ஃபீடர் வைப்பது வழக்கம். 90 நூல்கள் ஒன்றன் பின் ஒன்றாகச் சுருள் படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டிருக்கும். உருளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் 90 குறுக்கு வரிசை முடிந்துவிடும். அதனால் குறுக்கு வரிசைகள் உண்மையில் படுக்கையாக இல்லை, கொஞ்சம் சரிந்தே ஏறுகின்றன. நாலு தரம் தோய்த்த பெனியனின் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம், நூலின் முறுக்கு மற்றது.

இந்த 90க்கும் பிக்கேக்கும் ஒரு வழக்கு உண்டு. பிக்கே நான்கு ஃபீடரில் முடிகிறது. 90ஐ நான்கால் பிரித்தால் மீதி இரண்டு. ஆகவே இரண்டு ஃபீடரை வெறுமனே மிஸ் கேம் போட்டுப் பட்டினி போட்டுவிட்டு 88இல் ஓட்டுவோம். ஆறில் முடிகிற இரட்டைப் பிக்கே என்றால் 90ம் ஓடும். புதிதாக வந்த பையன் ஒருவன் இதைக் கவனிக்காமல் 90இலும் நூல் கோத்துவிட்டான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை குறுக்கே பட்டி விழுந்தது, ஒரு இரவு முழுக்க. அந்தப் பையன் யார் என்று கேட்காதீர்கள், இப்போது நெடுங்கேணியில் கமம் செய்கிறான்.

குறுக்கே விழுகிற பட்டியைப் பிடிக்க அடிமட்டம் போதும். வெற்றுத் துணியில் ஒரு சென்டிமீட்டருக்கு 20 வரிசை என்றால் 90 வரிசை நாலரை சென்டிமீட்டர். பட்டி சரியாக நாலரைக்கு ஒன்று வந்தால் குற்றவாளி ஒரே ஒரு ஃபீடர்: இழுவை பிழை, அல்லது அதில் மட்டும் வேறு தொகுதி நூல். குறுக்கே வந்தால் ஃபீடர், நெடுக்கே வந்தால் ஊசி அல்லது ஊசிகளுக்கு இடையில் துணியைப் பிடிக்கிற சிங்கர் தகடு. இதை மட்டும் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள் தங்கை.

நூல்முனை (கிளிநொச்சி)
எண்ணினேன் அண்ணை. மூன்று பேர் மாறி மாறி எண்ணினோம். மூன்று நெடுவரிசை ஒரே மாதிரி. மற்ற இடங்களில் குழிகள் மாறி மாறி வருகின்றன. கோட்டில் மட்டும் மூன்றுக்கும் சேர்த்து நீளமாக ஒரு பள்ளம் படுத்துக் கிடக்கிறது, நான்கு வரிசைக்கு ஒன்று.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நாங்கள் வெளிப்பக்கம் என்று வைத்துத் தைக்கிற குழிப்பக்கம் மெசினில் உள்பக்கம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

குளக்கட்டு (அறிவியல் நகர்)
இரண்டு வந்திருந்தால் வேறு காரணமா அண்ணை? ஏன் இரண்டா மூன்றா என்று கேட்டீர்கள்?

நெடுங்கேணி மெக்கானிக்
உருளையில் ஊசி மேல், கீழ், மேல், கீழ் என்று அடுக்கிக்கொண்டே வந்து வட்டம் மூடுகிற இடத்தை நினைத்துப் பாருங்கள். மொத்த எண்ணிக்கை ஒற்றைப்படையாகப் போய்விட்டால் அங்கே ஒரே வகை இரண்டு அருகருகே வரும். இரண்டு என்றால் அடுக்கியவரின் கணக்குப் பிழை. மூன்று என்றால் வரிசை சரியாக இருந்திருக்கிறது. இடையில் ஒன்றை யாரோ மாற்றியிருக்கிறார்கள். கீழ் பட் ஊசி நிற்க வேண்டிய காடியில் மேல் பட் ஊசி. அதன் இரண்டு பக்கத்திலும் ஏற்கெனவே மேல் பட் ஊசிகள். ஆகவே மூன்று.

அந்த ஊசிக்கு ஒரு குறையும் இல்லை. ஒழுங்காக எழும்புகிறது, ஒழுங்காகப் பின்னுகிறது, அடுத்தவர் பாதையில் ஓடுகிறது அவ்வளவுதான். அதனால்தான் ஓட்டையும் இல்லை, ஏணியும் இல்லை. மெசினும் நிற்காது, நிற்க வேண்டிய காரணம் அதற்கு ஒன்றுமில்லை.

நடந்ததை என்னால் கண்ணால் பார்த்தது போலச் சொல்ல முடியும். 88 ஃபீடர், நிமிடத்துக்கு 25 சுற்று என்றால் ஓர் ஊசி நிமிடத்துக்கு 2200 தடவை எழும்பி விழுகிறது. நாக்கு அடிபட்டு அடிபட்டு ஒருநாள் உடையும். இரவு இரண்டு மணி. மெசினை நிறுத்தி, கேம் கதவைத் திறந்து, உடைந்த ஊசியை இழுத்து எடுத்து, பெட்டியில் கைக்கு வந்ததைச் சொருகி, மூடி, ஓட விட்டிருப்பார்கள். இரண்டு வகை ஊசியும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. பட் இருக்கிற உயரத்தைப் பக்கத்து ஊசியோடு வைத்து ஒப்பிட்டால்தான் தெரியும். வெளிச்சம் குறைந்த இடத்தில் எனக்கும் ஒரு தடவை தவறியிருக்கிறது. இந்தத் தடவை பையன் என்று சொல்லித் தப்ப முடியாது, எனக்கு அப்போது எட்டு வருட அனுபவம்.

நொய்யல்கரை (திருப்பூர்)
அண்ணன் சொன்னதில் ஒரு சொல் மாற்ற இடமில்லை. எங்கள் பக்கம் இரண்டு வகை ஊசிக்கும் இரண்டு டப்பா, டப்பாவுக்கு வேறு வேறு நிறம் வைத்திருப்போம். அப்படியும் மாறும்.

தங்கச்சி கேட்டதற்கு: ஆமாம், பிக்கே டீ-சர்ட்டில் குழி தெரிகிற பக்கம் மெசின் கணக்கில் பின்பக்கம்தான். டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட் 1933இல் அந்தச் சட்டையை விற்கத் தொடங்கினார். அதனால் எங்கள் ஊரில் பிக்கே என்பதைவிட லகோஸ்ட் என்ற பேர்தான் ஓடும்.

ஓமந்தைத் தையல்
மூன்று நெடுவரிசை எண்ணியே காரணம் சொல்லிவிட்டீர்கள். அடுத்த வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைத்தான் கொடுக்கப் போகிறேன். இனி நடைமுறைக்கு வருவோம். பிள்ளை, துணியைத் திருப்பி அனுப்பப் போகிறீர்களா?

நூல்முனை (கிளிநொச்சி)
அனுப்ப நாள் இல்லை டீச்சர், ஏற்றுமதித் திகதி நெருங்கிவிட்டது. கோடு ரோல் முழுக்க ஒரே இடத்தில் ஓடுவதால், அது பக்கத் தையலின் மடிப்புக்குள் போகும்படி வெட்டுப்படத்தை நகர்த்தி வைத்தோம். கொஞ்சத் துணி வீண். ஆலைக்கு "ஊசிக்கோடு" என்று எழுதாமல், "ஓரத்திலிருந்து இத்தனை சென்டிமீட்டரில் ஊசி வகை மாறியுள்ளது" என்று எழுதி, படமும் அனுப்பினேன். மறுநாளே பதில்: பார்த்தோம், மாற்றிவிட்டோம். வழக்கமாக ஒரு கிழமை எடுப்பார்கள்.

ஆனால் ஒன்று விளங்கவில்லை. 15 ரோலில் ஒன்றில் மட்டும் கோடு இல்லை. வேறு மெசினில் ஓடியதா?

நெடுங்கேணி மெக்கானிக்
அந்த ரோலின் எண் என்ன?

நூல்முனை (கிளிநொச்சி)
தொகுதியிலேயே சின்ன எண். முதலாவது.

நெடுங்கேணி மெக்கானிக்
அடுத்த எண் ரோலைக் கடைசிவரை பிரித்துப் பாருங்கள்.

நூல்முனை (கிளிநொச்சி)
பிரித்தோம். முன்பு வெளிப்பக்கம் சில மீட்டர்தான் பார்த்திருந்தோம், அங்கே கோடு இருந்தது. உள்ளே போகப் போக இருந்துகொண்டே வந்தது. கடைசி ஆறு மீட்டரில் இல்லை. கோடு தொடங்குகிற இடத்தில் பச்சரிசி அளவில் ஒரு ஓட்டை, அதை ஒட்டி நான்கு விரல் நீளத்துக்கு ஒரு நெடுவரிசை ஏணி போல அறுந்து நிற்கிறது. ஏணி முடிந்த இடத்திலிருந்து மூன்று நெடுவரிசையும் ஒரே மாதிரி.

நெடுங்கேணி மெக்கானிக்
அந்த நான்கு விரல்தான் ஊசி உடைந்ததை அவர்கள் கவனிப்பதற்கு எடுத்த நேரம்.